முதல் குப்பி

மதியம் வரை ஒரு குப்பியும் திரும்பி வரவில்லை.

முந்தின நாள் நாங்கள் வீடு வீடாகக் கொடுத்தவை. காலைச் சிறுநீரைப் பிடித்து ஊர் மருந்தகத்தில் கொண்டுவந்து தர வேண்டும். அவ்வளவுதான்.

அங்கே என்னோடு உட்கார்ந்திருந்த பேராசிரியர் வ்லாஸ்தா கடிகாரத்தைப் பார்க்காமலிருக்க முயன்றார். இந்த ஊர் மறுத்துவிட்டால், இந்தப் பக்கத்துச் சிறுநீரக நோய் பற்றிய ஆய்வு சாவா ஆற்றின் மறுகரைக்குப் போகும். அங்கே என்னைப் போல வேறொரு மாணவி காத்திருக்கிறாள். முனைவர் பட்டத்துக்கு இருப்பது ஓர் இடம்.

ஊரின் பயம் எனக்குத் தெரியும். நான் பிறந்த ஊர். குப்பியோடு இங்கே நுழைபவரின் வீடு அதன்பின் ‘கிட்னி வீடு’. அந்த வீட்டில் பெண் எடுக்க மாட்டார்கள், கொடுக்கவும் மாட்டார்கள்.

எங்கள் வீடு அப்படிப்பட்ட வீடு. அப்பா அந்த நோயில்தான் போனார்.

எதிரே காப்பிக்கடை வாசலில் ஜூகா மாமா எனக்குக் கேட்கும்படியே சொன்னார். "நம்ம மூத்திரத்த வச்சு டாக்டர் பட்டம் வாங்கப் போறாளாம். நம்மால ஒரு பிள்ளை முன்னுக்கு வந்தா நல்லதுதான். ஆனா நான் தரமாட்டேன்பா."

எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் நின்றது.

யாஞா அத்தை சதுக்கத்தைக் கடந்து வந்துகொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு உடுத்தும் கறுப்புப் பாவாடை. பின்சந்து இருக்க, நடுச்சதுக்கம் வழியே. குப்பியைத் தாளில் சுற்றவில்லை. நெஞ்சுக்கு நேரே, ஊர் பார்க்கப் பிடித்திருந்தார்.

அவர் மகன் இலியாவுக்கும் எனக்கும் எல்லாம் பேசி முடித்த பிறகு, "கிட்னி வீட்டுப் பொண்ணு வேண்டாம்" என்று நிறுத்தியவர் அவர்தான். இலியா இப்போது ஜெர்மனியில் இருக்கிறான். வேறு பெண், ஒரு குழந்தை.

அதன்பின் அத்தையும் நானும் பேசியதில்லை.

அவர் வந்து உட்கார்ந்தார். குடும்பத்தில் யாருக்காவது இந்த நோய் உண்டா என்று பேராசிரியர் கேட்டார். இந்தப் பக்கத்து ஊர்களில் எல்லாரும் ‘இல்லை’ என்றே சொல்லும் கேள்வி.

"எங்கம்மாவுக்கு. ரெண்டு அண்ணனுக்கு. நான் பொறந்த ஊரு ஆத்தோட மேல்பக்கம் ரொம்பத் தள்ளி, அதனால இங்க யாருக்கும் தெரியாது. இப்போ எனக்கும்."

கதவு திறந்திருந்தது. காப்பிக்கடை வரை கேட்டிருக்கும்.

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"உங்க வீட்டுலயும் இருக்கு, எங்க வீட்டுலயும் இருக்கு. பொறக்கப்போற பிள்ளைக்கு ரெண்டு பக்கமும் சேந்து வந்துடக் கூடாதேன்னுதான் நிறுத்தினேன்டி. எங்க கதைய மறைச்சுட்டு, பழிய உங்க வீட்டு மேல போட்டுட்டேன். உன் கல்யாணம் என்னால நின்னுச்சு. படிப்பும் நம்ம ஊரால நிக்க வேண்டாம்."

தாளைப் பார்த்தேன். அடுத்த கேள்வியை நான்தான் கேட்க வேண்டும்.

"சின்ன வயசுல, வீட்டுல ரொட்டிக்கு மாவு எங்கேருந்து அத்தை?"

"சொந்த வயக்காட்டுக் கோதுமைதான். களையும் கிளையும் சேந்தே அரைபடும். யாரு உக்காந்து பொறுக்குனா?" என்றவர், சற்று நின்று, "மாவு எதுக்குடி?" என்றார்.

"எல்லாரையும் கேக்குறோம் அத்தை."

காரணத்தை முன்கூட்டிச் சொன்னால் பதில்கள் வளைந்துவிடும் என்பது பேராசிரியரின் விதி. முதல்முறையாக அந்த விதி எனக்கு நிம்மதியாக இருந்தது.

வெளியே நாற்காலி நகரும் சத்தம். ஜூகா மாமா தொப்பியை மாட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் தன் வீட்டுப் பக்கம் நடந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் இருவர்.

அத்தை நீட்டிய குப்பியை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டேன். நன்றி என்றேன். அந்தச் சொல்லை அவ்வளவு முழுதாக நான் யாருக்கும் சொன்னதில்லை.

இந்த நோய் பெற்றவர்களிடமிருந்து பிள்ளைக்கு ரத்தத்தில் வருவதல்ல, கோதுமையோடு அரைபடும் ஒரு களையின் விதையால் வருவது என்று நிரூபித்தால்தான் எனக்குப் பட்டம்.

அதை அவரிடம் சொல்லிவிடாமல், குப்பியின் மேல் அவர் பெயரை மெதுவாக எழுதினேன்.