டாக்டரின் நடு முதுகு

“குனிஞ்சு ராடைத் தூக்கறதா, உட்கார்ந்து கம்பியை இழுக்கறதா, எதுன்னு நீங்களே சொல்லுங்க மாஸ்டர். நாளைக்குக் காலையில என் நடு முதுகு நிமிர்ந்து நிக்கணும்.”

பல் டாக்டர் ஜிம்முக்கு வந்தது அன்றுதான் முதல் தடவை. முதுகுக்கு ரோயிங், அதாவது துடுப்புப் போடுவது போல் எடையை இழுக்கும் பயிற்சி, நல்லது என்று யாரோ சொல்ல, கையுறை வாங்கி மாட்டிக்கொண்டே வந்துவிட்டார்.

புதிதாக வருகிறவர்களை முதல் நாளே கதற வைப்பதில் மாஸ்டர் பேர் போனவர். பெரிய இரும்பு ராடாகப் பார்த்து டாக்டர் கையில் கொடுத்தார்.

“ஒரே நாள்ல நிமிர்த்த நான் என்ன மந்திரமா போடறேன்? நாளைக்கு அப்படி என்ன அவசரம்?”

“இன்னைக்கு ஒரு அம்மாவுக்குக் கடைவாய்ப் பல் எடுத்துட்டிருந்தேன். பாதி அசைச்சாச்சு. அப்ப முதுகு ஒரு பிடி பிடிச்சுது பாருங்க, குறடைக் கீழ வச்சிட்டேன். மரத்துப்போன வாயோட நாளைக்கு வாங்கன்னு அனுப்பிட்டேன். நாளைக்கும் பாதியில விட்டா அப்புறம் என் கிளினிக் படியை யார் மிதிப்பாங்க?”

பக்கத்தில் எடை தூக்கிக்கொண்டிருந்த மளிகைக்கடைக்காரர் காதைத் தீட்டிக்கொண்டார். “அந்தம்மா சும்மாவா போனாங்க?”

“வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வரேன்னு சைகையிலயே சொல்லிட்டுப் போனாங்க.”

“அப்ப அந்த ராடை வீட்டுக்கே எடுத்துட்டுப் போங்க. நாளைக்கு உதவும்.”

மாஸ்டர் சிரிக்கவில்லை. கொடுத்த ராடைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

“இது வேண்டாம் டாக்டர். நாள் பூரா குனிஞ்சு வேலை பார்க்கறவர் இங்க வந்தும் எதுக்குக் குனியணும்?”

“ஒத்தைக் கையால இழுப்பாங்களே, அது?”

“நீங்க ஏற்கெனவே ஒரு பக்கமா சாய்ஞ்சுதான் நிக்கறீங்க.”

“உட்கார்ந்து இழுக்கறது?”

“நல்லதுதான். ஆனா புதுசா செய்யறவங்க உடம்பை ஆட்டி ஆட்டி இழுப்பாங்க. இடுப்பும் சேர்ந்து பிடிச்சுக்கும்.”

சாய்வு பெஞ்சில் துண்டை விரித்து டாக்டரைக் குப்புறச் சாய்த்தார். கையில் கொடுத்தது விளையாட்டுச் சாமான் போன்ற சின்ன டம்பெல்கள்.

“நெஞ்சு பெஞ்சுலயே இருக்கட்டும். முழங்கையைப் பின்னால கொண்டு வாங்க. தோள்பட்டை ரெண்டையும் நடுவுல சேர்த்து இறுக்குங்க. போதும், மெதுவா இறக்குங்க. அவசரமே இல்ல.”

மளிகைக்கடைக்காரருக்கு வயிறு எரிந்தது. “முதல் நாள் நீங்க என்னைப் படுத்தின பாட்டுல சட்டை போடக்கூடக் கை தூக்க முடியல. டாக்டருக்கு மட்டும் தாலாட்டா?”

“நாளைக்கு அவர் கை நடுங்கக் கூடாதுண்ணே.”

கொஞ்ச நேரத்தில் டாக்டர் எழுந்து முதுகை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். பிடிப்பு விட்டிருந்தது. போன உயிர் திரும்பி வந்தது போல் இருந்தது அவருக்கு.

“நல்லா நிமிர முடியுது மாஸ்டர். நாளைக்கு எடுத்துடுவேன்.”

டாக்டரை விட மாஸ்டர்தான் பெரிதாக மூச்சு விட்டார். “பலம் வர நாளாகும், தொடர்ந்து வாங்க. நாளைக்கு மட்டும் குனியாம இருக்க, பல் எடுக்கற நாற்காலியைக் கொஞ்சம் உயர்த்தி வச்சுக்குங்க.”

வாசல் வரை போன டாக்டர் திரும்பி வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“இன்னொரு உதவி மாஸ்டர். அந்தம்மாவோட வீட்டுக்காரர் முரட்டு ஆளா இருந்தா என்ன பண்றதுன்னு பயமா இருக்கு. காலையில கிளினிக்ல வந்து சும்மா நிக்கறீங்களா? உங்களைப் பார்த்தாலே மனுஷன் அடங்கிடுவார்.”

“வராம இருக்க முடியுமா டாக்டர்? மத்தியானத்துலேருந்து பாதிப் பல்லோட என்னை வறுத்து எடுக்கறா. அந்த வீட்டுக்காரரே நான்தான்.”