பதினேழு வயதில் எழுதிய கருத்து

மருத்துவமனை அதிகாரி திரையைத் திருப்பிக் காட்டினார். பதினேழு வயதில் ஓர் அனிமே தொடரைப் பார்த்துவிட்டு யாழ்மொழி இணையத்தில் எழுதிய கருத்து அதில் இருந்தது: ‘அறுபதைத் தாண்டிய நோயாளிகளுக்குச் சிகிச்சையை நிறுத்தும் அந்த இயந்திரத்தின் பக்கம்தான் நியாயம். என் அம்மாவாக இருந்தாலும் சம்மதிப்பேன்.’

“சார், அது கார்ட்டூனைப் பத்தி எழுதினது!”

“சம்மதம்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க? இப்ப இருக்கிற சட்டப்படி, அறுபதைத் தாண்டினவங்களுக்குச் சிகிச்சையை நிறுத்தப் பிள்ளையோட சம்மதம் போதும்மா. இனிமே அம்மாவுக்கு டயாலிசிஸ் கிடையாது.”

அவள் அழுதாள்; அவர் காலில் விழுந்தாள். அவர் அடுத்தவரின் பெயரைக் கூப்பிட்டார்.

வார்டில் அம்மா விழித்திருந்தாள். “என்னடி சொன்னாங்க?”

“வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டாங்கம்மா.”

அம்மாவின் முகம் மலர்ந்தது. “நான்தான் சொன்னேனே, எனக்கு ஒண்ணும் இல்லன்னு! அந்தப் பச்சைப் புடவையை எடு” என்று எழுந்து உட்கார்ந்தாள்.