பாங்குக்கு முன் வந்த ஸலாம்

"அஸ்ஸலாமு அலைக்கும்."

வாசல் கேற்றடியிலிருந்து அந்தக் குரல் வந்த கையோடு, உளவளத்துணையாளர் பஸ்னாவின் வாய் அவளைக் கேளாமலே திறந்துகொண்டது.

"வஅலைக்குமுஸ்ஸலாம்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன செய்துவிட்டோம் என்று விளங்கியது. கையிலிருந்த பிளேன்டி பாதி மடியில் கொட்டிவிட்டது. சுட்டதுகூட உறைக்கவில்லை.

எதிர்க் கதிரையில் நதீரா அசையாமல் இருந்தாள்.

பாலமுனையில், கடலுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி, நதீராவின் வீடு. எட்டு மாதத்துக்கு முன் ஒரு விடியற்காலை அவளுக்கும் புருஷன் ஸஜாத்துக்கும் சண்டை. வரிப்பத்தான்சேனையில் நடந்த சொந்தக்காரக் கல்யாணத்துக்குக் கூட்டிப் போவதாகச் சொன்னவன், அன்றைக்குப் பார்த்து மீன்பிடிக்கத் தோணிக்குக் கிளம்பினான்.

வாசலில் நின்று மூன்று தடவை ஸலாம் சொன்னான். தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் மூன்றுக்கும் பதில் சொல்லவில்லை.

மூன்று ஸலாமுக்கும் பதில் இல்லையென்றால் திரும்பிப் போய்விடுவதுதான் முறை. போனான்.

தோணி கரை ஒதுங்கியது. ஆள் ஒதுங்கவில்லை.

அன்றிலிருந்து பின்னேரம் அஸர் பாங்கு சொல்லி முடிந்ததும் கேற்றடியில் அவன் குரல். அதே மூன்று ஸலாம். அவளுக்கு மட்டும்தான் கேட்கும். பதில் சொல்லிவிட்டால் மனம் ஆறிப் போய்விடுவான், பிறகு வரவே மாட்டான் என்று நதீரா பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். அந்த நேரம் தவறிவிடுமோ என்று கேற்றைத் தாண்டிக் கால் வைத்ததும் இல்லை.

அம்பாறை மாவட்டத்தில் இருந்த போத்தல் தண்ணீர் முழுவதையும் ஓதி அவள் தலையில் ஊற்றிப் பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில்தான் கல்முனையிலிருந்து பஸ்னா வந்தாள்.

பஸ்னாவுக்கு வாய்த்த காதைப் போல ஒரு காது பொத்துவில் முதல் மருதமுனை வரை கிடையாது. பதினைந்து வருடத்தில் அவள் யாருக்கும் ஒரு புத்திமதி சொன்னதில்லை. மழைக்குக் குடை விரிக்கட்டுமா என்று கேட்டவரிடமும், உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்றுதான் கேட்டாள். அவர் யோசித்து முடிப்பதற்குள் மாரிகாலமே போய்விட்டது.

வந்தவருடைய பதில் வந்தவர் வாயிலிருந்தே வர வேண்டும். தோண்டி எடுக்கக் கூடாது, ஊட்டியும் விடக் கூடாது. அதுதான் அவள் தொழில்.

நதீராவின் உம்மாவுக்கு இந்த வைத்தியம் பிடிபடவே இல்லை. குசினிக்குள் இருந்தபடி, ஒழுங்கை முழுக்கக் கேட்கிற இரகசியக் குரலில் சொல்லுவாள்: "மருந்தும் தாறல்ல, ஓதியும் பாக்கிறல்ல. சும்மா குந்தித் தலையாட்டிட்டுப் போறா. தலையாட்ட நம்மட ஆடு காணாதா?"

ஆனால் பஸ்னா வரத் தொடங்கி ஆறாவது கிழமையான இன்று, நதீராவே கதையைத் தொடங்கியிருந்தாள். "இண்டைக்கு அவருக்குப் பதில் சொல்லப்போறன் மிஸ். நீங்க பக்கத்துல இருந்தாக் காணும்."

பஸ்னா பக்கத்தில்தான் இருந்தாள். இருந்து, எட்டு மாதமாக அந்தப் பெண் தொண்டைக்குள் வைத்திருந்த ஒரே சொல்லை இவள் பறித்துச் சொல்லிவிட்டாள்.

"மன்னிச்சிடுங்க நதீரா. அது நீங்க சொல்ல வேண்டியது."

"என்னத்த மிஸ்?"

"அவர்ட ஸலாமுக்கு நான்..."

நதீரா சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். பிறகு பஸ்னாவைப் பார்த்தாள்.

"இன்னும் பாங்கே சொல்லல்ல. அவர் வரவும் இல்ல. ஒரு சத்தமும் கேக்கல்லியே, நீங்க யாருக்கு மிஸ் பதில் சொன்னீங்க?"

குசினியில் சட்டி தேய்க்கிற சத்தம் நின்றது.

பஸ்னா அந்தக் குரலைத் திரும்ப நினைத்துப் பார்த்தாள். ஆணா பெண்ணா என்று காது சொல்வதற்குள் வாய் முந்திக்கொண்டிருந்தது. இப்போது காது சொன்னது.

பதினான்கு வயதுப் பெண் பிள்ளையின் குரல். தடிமன் பிடித்து, மூக்கால் வருகிற குரல்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஒரு சட்டைக்காகத் தங்கச்சியோடு சண்டை பிடித்து, கதவைப் பூட்டிக்கொண்டு படுத்திருந்தாள் பஸ்னா. கோபித்துக்கொண்ட இருவரில் முதலில் ஸலாம் சொல்கிறவர்தான் நல்லவர் என்று ஓதிக்கொடுத்திருந்தார்கள். தங்கச்சி கதவுக்கு வெளியே நின்று சொன்னாள். ஒன்று. இரண்டு. மூன்று.

பிறகு கடற்கரைப் பக்கம் இருந்த குர்ஆன் மத்ரஸாவுக்கு நடந்து போனாள். ஒரு மணித்தியாலத்துக்குள் கடல் ஊருக்குள் வந்தது. தங்கச்சி வரவில்லை.

இருபத்தொரு வருடம். இதைப் பஸ்னாவிடம் யாரும் கேட்டதில்லை. எல்லோரிடமும் கேட்கிறவள் அவள்தானே.

நதீரா எழும்பிப் போய் ஜன்னல் சீலையை விலக்கினாள். வெளியே கருவாட்டை ஒரு நிமிடத்தில் காய வைக்கிற வெயில். கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் திரும்பியபோது அந்த முகத்தில் பயம் இல்லை.

"பதில் சொன்னாப் போயிருவாங்க எண்டுதானே மிஸ் நான் பயந்தன்," என்றாள். "இந்தப் புள்ள போகல்ல. சொட்டச் சொட்ட நனஞ்சு போய் நிக்குது."

பஸ்னாவால் ஜன்னல் பக்கம் தலையைத் திருப்ப முடியவில்லை.

பள்ளிவாசலில் அஸர் பாங்கு தொடங்கியது.

நதீரா முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துப் போட்டுக்கொண்டு வாசல்படியில் இறங்கினாள்.

"இருங்க மிஸ், கேற்றத் திறந்துட்டு வாறன். அவரும் வாற நேரம்."