நீலத் துணி

கம்பி முனையில் சுற்றிய வெள்ளைத் துணி புதுத் துப்பாக்கியின் குழலுக்குள் போய், மறுபடியும் நீலமாகத்தான் வெளியே வந்தது.

"இன்னும் செம்பு இருக்கு. செம்பைக் கரைச்சாதான் இந்த மருந்து நீலமாகும். பயிற்சியில சுட்ட தோட்டாவோட செம்பு உறை உரசி உரசி உள்ளே அப்பியிருக்கு," என்றான் கணவன். "இதோட சுட்டா குறி விலகும். நாளைக்குத் தேர்வுப் போட்டி. விடமாட்டேன்."

"காலையிலேருந்து முப்பது துணி. சாயப்பட்டறை வச்சிருக்கோம்னு பக்கத்து வீட்டுல நினைக்கப்போறாங்க. சாப்பிட வாங்க," என்றாள் மனைவி.

"வெள்ளையா வரட்டும், வரேன்."

மருந்து ஊற்றினான், கால்மணி நேரம் ஊறவிட்டான், தள்ளினான். நீலம். துப்பாக்கி விற்ற கடைக்காரரை ஃபோனில் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினான். "குழலே சொத்தைங்க! வேற அனுப்புங்க!"

மனைவி கம்பியை வாங்கிப் பார்த்தாள். "இந்த முனை புதுசா?"

"பிளாஸ்டிக் முனை உடைஞ்சிடுச்சு. பித்தளையில வாங்கி மாட்டினேன். ஏன்?"

அவள் அந்த முனையில் புதுத் துணி சுற்றி, மருந்தில் நனைத்து, குழல் பக்கமே கொண்டுபோகாமல் மேசைமேல் வைத்தாள். அவனை இழுத்துப்போய்ச் சாப்பிடவைத்தாள். திரும்பி வந்து பார்த்தால், துணி நீலம்.

"பித்தளையிலயும் செம்புதானே இருக்கு? குழல் எப்பவோ சுத்தமாயிடுச்சு. இவ்வளவு நேரமா கம்பியைத்தான் கழுவியிருக்கீங்க. முதல்ல அந்தக் கடைக்காரர்கிட்ட மன்னிப்புக் கேளுங்க."

அவன் அசடு வழிந்தான். "அப்ப நாளைக்கு..."

"நாளைக்குப் பார்வையாளர் வரிசையில உட்கார்ந்து கைதட்டுங்க, போதும்." துப்பாக்கியை எடுத்துத் தன் பெயர் எழுதிய பெட்டிக்குள் வைத்து மூடினாள். "சுடப்போறது நான்தானே?"