கஷாய டாக்டர் கேட்ட சம்மதம்

"ஆறு ஆன்டிபயாட்டிக் போட்டும் சாகாத கிருமி, உங்க இலைச் சாறு பட்டா செத்துடுமாக்கும்?"

தலைமை அறுவை மருத்துவர் கோப்பைத் திறக்காமலேயே மேசையின் மறுபக்கம் தள்ளினார். எதிரில் நின்ற கிருமி ஆய்வாளரை உட்காரக்கூடச் சொல்லவில்லை. அந்த ஆஸ்பத்திரியில் அவளுக்கு 'கஷாய டாக்டர்' என்று பெயர் வைத்ததே அவர்தான்.

சாறு மட்டும் கொல்லாது என்றாள் அவள், பொறுமையாக. உள்ளே வரும் மருந்தை இந்தக் கிருமி வெளியே தள்ளிவிடுகிறது. இலையிலிருந்து பிரித்த சத்து அந்த வழியை அடைத்துவிடும். அப்புறம், உதவாது என்று ஒதுக்கிய பழைய மருந்தே வேலை செய்யும். ஆய்வகத் தட்டில் பதினோரு முறை பார்த்தாயிற்று. களிம்பாக்கி, நல்ல உடம்புக்காரர்களுக்குத் தடவியும் பார்த்தாயிற்று. நெறிமுறைக் குழுவும் ஒப்புக்கொண்டுவிட்டது.

"தட்டுல சோப்புத் தண்ணி ஊத்தினாலும்தான் சாகும்" என்றார் அவர். பக்கத்தில் நின்ற தலைமை நர்ஸ் தரையைப் பார்த்தார்.

மூன்று மாதத்தில் அவர் ஆபரேஷன் செய்த நான்கு பேருக்குத் தையல் போட்ட இடம் சீழ் பிடித்துவிட்டது. முழங்கால் மூட்டு மாற்றிக்கொள்ள வந்த பள்ளி ஆசிரியைக்குக் காலையே எடுக்க வேண்டி வந்தது. டாக்டரைக் கேட்டால், நோயாளிகள் குளிக்காமல் வருகிறார்கள், நர்ஸுகளுக்குக் கை கழுவத் தெரியவில்லை என்பார். போன மாதம் இரண்டு நர்ஸுகளை ஆபரேஷன் தியேட்டரை விட்டே மாற்றியிருந்தார்.

"ஒரே ஒருத்தருக்குத்தான் டாக்டர். அஞ்சு நாள் களிம்பு. சம்மதம் மட்டும் குடுங்க."

"என் நோயாளி யார் மேலயும் இந்தப் பச்சிலையைத் தடவ விடமாட்டேன். போய் வேற ஆளைப் பாருங்கம்மா."

"வேற ஆள் இல்லையே டாக்டர்" என்றாள் அவள். "போன வாரம் தியேட்டர்ல வேலை பார்க்கிற எல்லார் மூக்குலயும் பஞ்சுக்குச்சி விட்டு எடுத்தோம். மாத்தின நர்ஸுங்களையும் விடலை. அவங்க எல்லாருக்கும் சுத்தமா இருக்கு. அந்த நாலு பேர் புண்ணுல இருந்த கிருமி உங்க மூக்குல மட்டும்தான் இருக்கு. சம்மதம் உங்ககிட்ட டாக்டரா கேக்கலை, நோயாளியா கேக்கறேன்."