வழிமொழிபவர்

பதிவாளர் முப்பத்தாறாம் பொருளைப் படிக்க ஆரம்பித்தபோது அவளுக்குக் கண் சொருகியது.

மதியம் இரண்டரை மணி. வெளியே கொளுத்துகிற வெயில், உள்ளே ஏசி. பல்கலைக்கழகக் கல்விக்குழு உறுப்பினர்கள் நாற்பது பேருக்கும் ஆளுக்கொரு பிரியாணிப் பொட்டலம் கொடுத்துச் சாப்பிட வைத்துவிட்டு, அதன் பிறகு பாடத்திட்டத் திருத்தம் படித்தால் எந்த மனுஷிதான் விழித்திருப்பாள்?

நாற்பத்து மூன்று வரைக்கும் தாங்கினால் போதும் என்று நினைத்தாள்.

நாற்பத்து மூன்று அவளுடையது. மாலை நேரக் கணித முதுகலை வகுப்பை இந்த ஆண்டோடு மூடுவது. பதினோரு பேர்தான் படிக்கிறார்களாம், அதுதான் காரணம். எதிர்த்துப் பேச இரண்டு வாரமாக எழுதி, அடித்து, திரும்ப எழுதி, குளிக்கும்போதுகூடச் சொல்லிப் பார்த்திருந்தாள்.

ஆனால் பதிவாளரின் குரல் அப்படி. ஏற்றமும் கிடையாது, இறக்கமும் கிடையாது.

ஒவ்வொரு பொருளையும் பக்கத்து நாற்காலி தாணுமாலயன் சார் முன்மொழிவார். அவள் வழிமொழிவாள். மூன்று வருஷத்துக்கு முன்னால், அவளுடைய முதல் கூட்டத்தில், வழிமொழிய ஆளில்லாமல் எல்லோரும் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாவமே என்று அவள் வாயைத் திறந்தாள். அதோடு சரி. அந்த வேலை அவள் தலையில் விழுந்துவிட்டது. இப்போதெல்லாம் கூட்டக் குறிப்பில் அவள் பெயரை முந்தின நாளே தட்டச்சு செய்துவிடுகிறார்கள்.

முப்பத்தெட்டு.

வழிமொழிகிறேன்.

முப்பத்தொன்பது.

ஜன்னல் திரை மெல்ல அசைந்தது.

திரைக்கு அந்தப் பக்கம் அவளுடைய வகுப்பு இருந்தது.

சாயங்காலம் ஆறு மணி. டியூப்லைட்டைச் சுற்றிப் பூச்சிகள். இசக்கிராஜ் பஸ் டிப்போவிலிருந்து நேரே வந்திருக்கிறான், காக்கிச் சட்டையோடு. நர்ஸ் பிலோமினாவின் கையில் ஆஸ்பத்திரி வாசனை. பாடம் நடத்துகிற அவள் கரும்பலகையில் எழுதுகிறாள். பலகை நீண்டுகொண்டே போகிறது. சுவரைத் தாண்டி, சைக்கிள் ஸ்டாண்டைத் தாண்டி, ரயில் தண்டவாளத்தைத் தாண்டி.

அவள் எழுதிக்கொண்டே நடக்கிறாள். சாக்பீஸ் தேயவே இல்லை. ஒரு சமன்பாடு முடிந்த இடத்தில் இன்னொன்று தானாகத் தொடங்குகிறது. அடடா, என்ன சுகம்! பதினோரு பேரும் பின்னாலேயே வருகிறார்கள். யாருக்கும் கால் தரையில் படவில்லை. அது யாருக்கும் ஆச்சரியமாகவும் இல்லை.

தூரத்தில் கடல் தெரிகிறது. கடலிலும் பலகை போகிறது.

பிலோமினா கேட்கிறாள், "மேடம், நாளைக்கும் கிளாஸ் உண்டுமா?"

இதென்ன கேள்வி! உண்டு என்று சொல்ல அவள் வாயைத் திறக்கிறாள்.

"வழிமொழிகிறேன்."

கண்ணையும் திறந்தாள்.

பதிவாளர் பக்கத்தைப் புரட்டினார். "பொருள் எண் நாற்பத்து நான்கு."

தாணுமாலயன் சார் கையிலிருந்த தாளைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

அடிப்பாவி, என்ன காரியம் பண்ணிவிட்டோம்! பதினோரு பேரின் படிப்பையும் தன் வாயாலேயே முடித்துவைத்துவிட்டாள்.

பேசாமல் இருந்துவிடலாம். தூங்கிப்போனேன் என்று இத்தனை பேர் முன்னால் ஒரு பேராசிரியை எப்படிச் சொல்வது? ஓய்வு பெறும்வரை சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

பிலோமினாவிடம் என்ன சொல்வது?

எழுந்தாள். கால் இன்னும் தரையில் சரியாகப் படவில்லை.

"ஐயா, நாற்பத்து மூணை நான் வழிமொழியலை."

துணைவேந்தர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "இப்பதானேம்மா சொன்னீங்க. எல்லாரும் கேட்டோமே."

"தூக்கத்துல சொன்னேங்க ஐயா."

எதிர் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். காது மடல் சுட்டது. வெட்கம் பிடுங்கித் தின்றது. இருந்தாலும் வாயை மூடவில்லை.

"முப்பத்தொன்பதுக்கு அப்புறம் எதுவுமே என் காதுல விழலை. அதுக்கு முந்தியும் நான் கேட்டுத்தான் சொன்னேன்னு சத்தியம் பண்ண முடியாது. ஒண்ணுல இருந்து மறுபடி படிக்கச் சொல்லுங்க."

"அதெல்லாம் எதுக்கும்மா? நாற்பத்து மூணை மட்டும் வேற யாராவது வழிமொழியட்டும்." துணைவேந்தர் சுற்றிப் பார்த்தார்.

ஏசி உறுமியது.

தாணுமாலயன் சார் தொண்டையைச் செருமினார். பன்னிரண்டு வருஷமாக முன்மொழிகிறவர். டிசம்பரில் ஓய்வு.

"எனக்கும் விழலைங்க," என்றார். "முன்மொழிஞ்சது நான்தான். ஆனா என்னத்தை முன்மொழிஞ்சேன்னு இப்பதான் படிச்சேன்."

வேதியியல் துறைக்காரர் "எனக்கும்தான்" என்று கையைத் தூக்கினார். பிறகு அவருக்குப் பக்கத்தில் இருந்தவர். கொஞ்ச நேரம் கழித்து, களுக்கென்று சிரித்தவரும் தூக்கினார்.

துணைவேந்தர் பதிவாளரைப் பார்த்தார். பதிவாளர் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார். தாள்களை ஒட்டுமொத்தமாகத் திருப்பி முதல் பக்கத்துக்கு வந்தார்.

"பொருள் எண் ஒன்று."

படித்து முடித்தார். பழக்க தோஷத்தில் தாணுமாலயன் சாரையும் அவளையும் பார்த்தார்.

இரண்டு பேரும் நிமிரவில்லை.

யாருமே நிமிரவில்லை. தாளில் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டிருந்தார்கள்.