மறதிப் பட்டை

குத்தகை ஃப்ளாட்டில் யாரும் சொந்தமாக நாய் வளர்க்கக் கூடாது. மாடிக்கு ஒரு நாய், அதுவும் வாரத்துக்கு ஒரு வீட்டில். வீடு மாறும்போதெல்லாம் கழுத்துப்பட்டை அதற்குப் பழைய வீட்டை மறக்கடித்துவிடும்.

அப்படியிருந்தும், எதிர்வீட்டு ஜாஸ்மினின் முறை வந்தால் நாய் அவள் மடியே கதி என்று கிடந்தது. நிர்மலாவின் முறையிலோ வாசல் மிதியடியை விட்டு நகரவில்லை. ஆட்டெலும்பு போட்டாலும் தின்றுவிட்டு மிதியடிக்கே திரும்பியது.

நிர்மலாவுக்கு வயிறு எரிந்தது. நாயைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுக்குள் நுழைந்தாள். ஜாஸ்மின் தரையில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"பட்டையைக் கழட்டி வச்சுத்தானே பழக்கின? உண்மையைச் சொல்லு!"

"ஐயோ, பட்டையோட சீல் உடையவே இல்ல, பாருங்கக்கா. ஒவ்வொரு தடவையும் என்னையும் யாரோன்னுதான் குரைக்கும். கொஞ்ச நேரத்துல அதுவா வந்து ஒட்டிக்கும்."

நாய் ஜாஸ்மினைப் பார்த்து, முன்பின் தெரியாதவளைப் பார்ப்பதுபோல் குரைத்தது. நிர்மலாவுக்கு மனசு குளிர்ந்தது.

பிறகு நாய் குரைப்பதை நிறுத்திக் காற்றை முகர்ந்தது. நிர்மலாவின் பிடியிலிருந்து நழுவி இறங்கி, இப்போதுதான் முதன்முதலாகப் பார்த்த அந்த மடியில் போய்ச் சுருண்டுகொண்டது.